பேச்சு நிமிடங்கள்

சோமனூரில் இறங்கி
தறிக்கூடத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை.
சத்தமே வந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.

முப்பத்தாறு கேள்விகளோடு போயிருந்தேன்.
ஒரு நாளில் எத்தனை நிமிடம் பேசுவீர்கள்,
யாரோடு, ரீசார்ஜ் செய்வது யார்.
ஒலிப்பதிவுக் கருவியைப்
பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கலாமணி ஏதோ சொன்னார்.
எட்டுத் தறி தள்ளி நின்றவர் சிரித்தார்.
அங்கே காது, தோடு மாட்ட மட்டும்.

டீ நேரத்தில் வெளியே வந்து சொன்னார்:
"போனை நாங்க காதுல வெக்கறதில்லீங்.
கண்ணுக்கு நேரா வெக்கறோம்."

வீடியோ கால் வந்தபோது
முகம் பார்க்கலாம் என்றது ஊர்.
இவர்கள், தறி ஓடும்போதே
பேசலாம் என்று கண்டார்கள்.
பல்லடத்தில் தங்கச்சி, இங்கே அக்கா,
இரண்டு பக்கமும் இரைச்சல்,
நடுவில் சத்தமே இல்லாமல்
ஒரு முழுச் சண்டை, அம்மாவின் நகைக்காக.

"குரல் தெளிவாகக் கேட்கிறதா?"
என் பன்னிரண்டாம் கேள்வி.
அங்கேயே அடித்தேன்.

போன தையில் கேமரா வந்தது.
நூல் திருடு போகிறதென்று முதலாளி மாட்டியது,
விலை குறைந்த வகை, ஒலி பதியாது.
ஆனால் கிட்டுசாமி
பதினெட்டு வருஷம் தறி ஓட்டியவர்.
கூலி உயர்வு பற்றிச் செவ்வாய்க்கிழமை பேசியதைப்
புதன்கிழமை காலையில் திருப்பிச் சொன்னார்,
ஒரு வார்த்தை பிசகாமல்.

மறுநாளே பஞ்சுத் தூசிக்கு முகக்கவசம் கேட்டார்கள்.
"எத்தனை நாளா போடச் சொல்றேன்"
என்று அவரும் சந்தோஷமாக வாங்கித் தந்தார்.

ஒடிசாவிலிருந்து வந்த சுகந்தி மட்டும்
வாயை மூடுவதில்லை.
அவள் உதட்டை அவருக்குப் படிக்கத் தெரியாது.
"எங்களுக்குந் தெரியாதுங்.
இப்பத்தான் படிச்சிட்டிருக்கோம்,
நாப்பது வார்த்தை வந்திருச்சு.
கூலிக்கு என்ன சொல்றதுன்னு
மொதல்லயே கேட்டு வெச்சுக்கிட்டோம்."

இதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.
மொழியையும்.

இரவு, விடுதியில் பதிவைக் கேட்டேன்.
நாற்பத்தேழு நிமிடம், தடக் தடக்.
முப்பத்தொன்றாம் நிமிடத்தில் கரண்ட் போகிறது.
நாடாக்கள் பாதி வழியில் நிற்கின்றன.
இப்போது யார் பேசினாலும் கேட்கும்.

ஒன்பது விநாடி,
ஒருவரும் பேசவில்லை.
ஆபீஸ் அறையிலிருந்து
ஓர் இருமல்.