இரண்டாம் வேற்றுமை

கையேட்டின் பதினான்காம் பக்கத்தில்
"அறையைக் குளிரூட்டவும்" என்று எழுதிவிட்டு
ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
பெரம்பூரில், இந்தத் தெருவில்,
இந்தச் சொல்லை
இதற்குமுன் யாராவது உச்சரித்திருப்பார்களா?
ஓட்டல் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும்,
'குளிரூட்டப்பட்டது' என்று.
யாரால் என்பது இருக்காது.

வாயில் வருவதெல்லாம்
ஏசி போடு.
கதவைச் சாத்து, கூலிங் போயிடும்.
மெக்கானிக் தாவூதுக்கு அதுகூட வேண்டாம்.
ஏணியில் நின்றபடி "கேஸ் இல்ல மேடம்" என்பார்,
ஊரிலுள்ள எல்லா நோய்க்கும் அதுதான் காரணம்போல.

குளிர். ஊட்டு.
பிரித்துவைத்துப் பார்த்தேன்.
ஊட்டுவதற்கு ஒரு வாய் வேண்டுமே.
சன்னலை மூடி
கதவிடுக்கில் பழைய நைட்டியைத் திணித்து
இருந்த வாயையெல்லாம் அடைத்தபிறகல்லவா
இந்த அறைக்கு ஊட்டுகிறேன்!

போடு மட்டும் என்னவாம்.
சோறு போடு, ஏசி போடு.
அகராதியும் தெருவும்
வேறுவேறு வழியாக வந்து
ஒரே தட்டில் கைவைக்கின்றன.

ஆனால் குழந்தை*க்கு*ச் சோறு ஊட்டுகிறோம்,
நான்காம் வேற்றுமை.
அறை*யை*க் குளிரூட்டுகிறோம்,
இரண்டாவது.
குழந்தை வாங்கிக்கொள்ளும், துப்பவும் செய்யும்.
அறை, பட்டுக்கொள்ளும்.
சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் தருகிறார்கள்.
இந்த ஒன்றுக்கே நாற்பது நிமிடம் போய்விட்டது.

மூன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
கத்திரி வெயில்.
ஐந்து நிமிடம் பொறுத்துச் சன்னலைத் திறந்தேன்.
கையெட்டும் தூரத்தில் எதிர்வீட்டு அடுப்படிச் சன்னல்,
உள்ளே முறுக்குச் சட்டியின் முன் பிலோமினா.
"உங்களுக்கும் போச்சா?" என்றேன்,
கேட்பதற்கு வேறு என்ன இருக்கிறது.
"போனது நல்லதுங்க,"
தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்,
"உங்க பொட்டி நின்னாத்தான் எனக்குக் காத்து."

எங்கள் இருவருக்கும் நடுவில்
இரும்புத் தாங்கியில் அது உட்கார்ந்திருந்தது,
இன்னும் சூடு ஆறாமல்.
முன்பக்கம் அது செய்வதற்கு ஒரு சொல் இருக்கிறது.
பின்பக்கம் செய்வதற்கு?
வெப்பமூட்டு என்பது
குளிரில் நடுங்குகிறவர்களுக்குச் செய்வது.
கையேட்டை மேலும் கீழும் தள்ளித் தேடினேன்.
இருபத்தொன்றாம் பக்கத்தில்
போன வாரம் நானே எழுதியிருந்தேன்:
"வெளி யூனிட்டைச் சுற்றி
இரண்டடி இடம் விடவும்."

அந்த இரண்டடிக்குள் நின்று
பிலோமினா முறுக்கைத் திருப்பிப் போட்டார்.

கரண்ட் வந்தது. உள்ளே 'பீப்' என்றது.
பதினான்காம் பக்கத்தை மாற்றாமல் அனுப்பிவைத்தேன்.
சாயங்காலம்வரை போடவில்லை.
ராத்திரி போட்டேன்.