பன்னிரண்டடி

வவுனியாவில் அந்த யார்டு நிறையக் கவிழ்ந்து கிடந்தன,
கழுவிக் காயவைத்த தாச்சிகளைப்போல்.
றெஜினோல்ட் முதலில் பைபரைத்தான் காட்டினார்.
நீலம். அணியத்தில் ஒரு கண் வரைந்திருந்தது.
மச்சாள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
நான் குனிந்து வயிற்றைத் தட்டினேன்.

முத்தையன்கட்டுக் குளத்தின் அடியில்
எங்கள் கரையில் ஒரு காடு நிற்கிறது.
அணைக்குப் பின்னால் மூழ்கிய பாலையும் வீரையும்
தாம் பட்டுப்போனதை இன்னும் அறியாமல்.
ஒரு கட்டை போதும், பைபர் கிழியும்.
பூசிக் காயும்வரை வலை கரையில் நாறும்,
வட்டி மட்டும் நீந்தும்.

"அலுமினியம் எண்டால் நெளியும், கிழியாது"
என்றார் அவர், விலை கூடியதைப் பார்க்காமல்.
இந்தத் தகடு முன்பு என்னவாக இருந்தது
என்று நான் கேட்கவில்லை.
கேட்கத் தொடங்கினால்
வீட்டில் கேத்தலையும் கேட்கவேண்டி வரும்.

பத்தடி: ஒருத்தி வலை இழுத்தால்
மற்றவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.
பதினான்கடி: அழகு.
சங்கத்தின் கடன் படிவத்தில் அழகுக்குக் கட்டம் இல்லை.
கூர்வயிறு அலையைப் பிளக்குமாம்.
சோளகம் அடிக்கும் மாதங்கள் போக
எங்களிடம் பிளக்க என்ன இருக்கிறது?
விளிம்பு எவ்வளவு உயரம் என்றாள் மச்சாள்.
முதலையை அவள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.
பிறகு எஞ்சின் பூட்டும் பலகையைக் காட்டினார்.
சங்கம் எஞ்சினுக்கு விடாது என்றோம்.
"பலகை இருந்தால் இருக்கட்டும்" என்றார்.
இருக்கட்டும். மீன் வெட்ட உதவும்.

"தூக்கிப் பார்க்கலாமோ?"

சிரித்தார். இது என்ன, பூசணிக்காயா?
அவருக்கு எங்கள் ஆவணி தெரியாது.
கட்டிவைத்த மருதமரத்தடியில் வள்ளம் இருக்கும்,
தண்ணீர் போயிருக்கும்.
இடையில் சேறு, சிப்பி, மாட்டுக் குளம்படிகள்,
நானூறு காலடி. போன வருடம் எண்ணினோம்,
ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாய் பேசாமல்.

யார்டை ஒரு முறை சுற்ற நூற்றிருபது.
அணியத்தில் நான், கடையாரில் யோகமலர்.
முதல் சுற்றில் வெல்டிங் பெடியன் கைபேசியில் படம் எடுத்தான்.
இரண்டாவதில் சிரிப்பு நின்றது.
மூன்றாவதில் றெஜினோல்ட் தானே வந்து
வழியில் கிடந்த டயரை உருட்டிவிட்டார்.
மிச்ச நாற்பதுக்கு வாசல் கொட்டில்வரை போய்
இறக்கினோம். என் விரல்களில்
பன்னிரண்டடியின் விளிம்பு சிவப்பாய்ப் பதிந்திருந்தது.
இதுதான், என்றது மச்சாளின் மூச்சு.

ஆனாலும் குழாயை வாங்கி உள்ளே தண்ணீர் விட்டோம்.
உள்ளிருந்து வெளியே வராதது
வெளியிலிருந்து உள்ளே வராது.
கால்மணி நேரம் மணலில் மண்டியிட்டுப் பார்த்தோம்.
இடப்பக்கம், பதினோராவது ஆணியில்
ஒரு துளி. விழவில்லை. நின்றது.
அவர் முகத்தைத் துடைத்தார்.
"ஒட்டித் தரட்டோ, விலையைக் குறைக்கட்டோ?"
"ரெண்டும்" என்றாள் யோகமலர்.

லான்ட்மாஸ்டரில் ஏற்றி ஒட்டுசுட்டான் தாண்டும்போது மழை.
கவிழ்ந்த படகின்மேல் அது விழுந்த சத்தத்தில்
ஓட்டுநர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

சத்தம்தான் இதன் குறை. யாரும் சொல்லவில்லை.
சவள் பட்டால் குளம் முழுக்கக் கேட்கிறது,
ஜப்பான் மீன் கூட்டமாய் வழி மாறுகிறது.
நெற்சாக்கு விரித்தோம், பழைய ரியூப்பை வெட்டி
விளிம்பில் கட்டினோம்.
பத்து மணிக்குமேல் தகடு சுடும்.
சாக்கை நனைத்து உட்காருகிறோம்,
பாவாடை காய்வதே இல்லை.

மூன்றாம் நாள் விடியலில், வலைக்குத் திரும்பும்போது
வீரைக் கட்டை ஒன்று வயிற்றில் குத்தியது.
இருவரும் அசையவில்லை.
மச்சாள் கையை உள்ளே விட்டுத் தடவினாள்:
ஒரு சிரட்டை அளவு பள்ளம். ஈரமில்லை.

மூன்று நாளாகச் செருப்பைக் கையில் பிடித்தே
ஏறி இறங்கியவள்
அன்றைக்குச் சேற்றுக் காலோடு ஏறினாள்.