மூன்று விலைப்பட்டியல்

கோயில் முன்வாசலுக்கு இருநூறு துளசி,
அறுபது நந்தியாவட்டை, நாற்பது மூட்டை மண்.
மூன்று கடையில் விலை கேட்டு வாங்க என்றார்
பொருளாளர் கலியபெருமாள்.
கேட்டு வந்தேன்.
விலை தாளின் முன்பக்கம் இருக்கிறது.
நான் பிறகு எழுதியது பின்பக்கம்.

முதல் கடை விசாகனுடையது,
ஊருக்குப் பெயர் மாற்றிய பலகைக்கு எதிரே.
'இயற்கை' என்ற சொல் ஏழு இடத்தில், எண்ணினேன்.
தொட்டியெல்லாம் தேங்காய் நார்.
மழைநீர்த் தொட்டியில் கொசுப்புழு தின்ன மீன் விட்டிருக்கிறான்.
பத்துக்கு எட்டு போட்டுவிட்டுக்
கழிவறை எங்கே என்று கேட்டேன்.
பின்னால், கறுப்பு வலைக் கூடாரத்துக்குள்
ஆர்க்கிட் வரிசைக்கு நடுவே ஒரு பலகைக் கட்டில்.
கட்டிலில் ஷஃபிகுல், காய்ச்சலோடு.
மணிக்கொரு தரம் பூவுக்குத் தூவும் குழாய்
அவன் போர்வைக்கும் தூவுகிறது.
நான் எதுவும் கேட்கவில்லை.
"பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு, அக்கா, பத்திரமா"
என்று அவனே மலாயில் சொன்னான்.
எட்டை அடித்தேன்.
வேறு எண் எழுத வரவில்லை.
அடித்த எட்டு அப்படியே கிடக்கிறது.
என் வீட்டு ரோஜா இரண்டும்
அந்தக் கூடாரத்தில் வளர்ந்தவை, அதையும் எழுதினேன்.

ஆ கியோங் கடையில் மண் மூட்டை ஆறு ரிங்கிட்.
எங்கிருந்து வருகிறது என்றதும்
மறைக்காமல் வடக்கே கை காட்டினார்:
சதுப்புக் காடு.
போன ஆகஸ்டில் மூன்று வாரம் புகைந்து
பள்ளிக்கூடத்தைப் பூட்ட வைத்த அதே காடு.
மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.
ஆயிரம் வருஷத்து இலை
இவ்வளவு இலேசாகவா இருக்கும்.
அவரிடம் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும்
மாதம் தவறாமல் இ.பி.எஃப் கட்டுகிறார்.
ரசீதைக் காட்டினார், நான் கேட்காமலே.
காட்டையும் ரசீதையும்
எந்தத் தராசில் வைப்பது?

மூன்றாவது, கனகவல்லி.
எஸ்டேட்டில் என்னோடு ஒரே கேங்கில்
முதுகில் பதினெட்டு லிட்டர் சுமந்தவள்.
விஷத்தை மருந்து என்றுதான் சொல்வோம் அங்கே.
மருந்தடிக்கப் போனாள், மருந்து பட்டுவிட்டது,
மருந்தால்தான் நகம் போச்சு.
கல்லாவுக்குக் கீழே, கால் இடிக்கும் இடத்தில்,
சோடா பாட்டில்கள் நான்கு,
உள்ளே நீலமும் பச்சையும் கலந்த நீர்.
மூடி திறக்காமலே எனக்கு வாசனை தெரிந்தது.
"தடை பண்ணிட்டாங்களே, கனகா."
"பண்ணாங்க."
"உனக்குத் தெரியாதா இது என்ன பண்ணும்னு?"
"தெரிஞ்சுதான் மூடிய இறுக்கி வச்சிருக்கேன்."
சிரிக்கவில்லை இருவரும்.
துளசிக் கன்றுகளுக்கு அவள் சாணம்தான் போடுகிறாள்,
இலை மணக்கிறது,
விலையும் இவளுடையதே குறைவு.
கிளம்பும்போது சொன்னாள்:
"ரெண்டு பாட்டில் உங்க கோயிலுக்குத்தான் போச்சு.
பின்பக்கப் புல்லுக்கு.
கலியபெருமாள் அண்ணன் ஆள் அனுப்பியிருந்தாரு."

வரும் வழியில் கோயிலின் பின்பக்கம் போனேன்.
புல் செம்பட்டையாகக் கருகி
மதில் வரைக்கும் படுத்திருந்தது.
யார் அடித்தது?
கையுறை கொடுத்தீர்களா?
அடித்தவள் அன்று சோற்றை
எந்தக் கையால் பிசைந்தாள்?

நேற்று இரவு கூட்டம்.
தாளை மேசையில் வைத்தேன்.
முன்பக்கம் படித்தார், கூட்டிப் பார்த்தார்,
மூன்றாவது கடைக்கு நேரே
பேனாவைக் கொண்டு போனார்.
பின்பக்கம் திருப்புங்க, அண்ணே, என்றேன்.
"அங்க என்ன இருக்கு, வரியா?"
இல்லை, நாலாவது கடை ஒன்று இருக்கிறது,
நம்முடையது, அதற்கும் மார்க் போட்டிருக்கிறேன்.

அவர் திருப்பவில்லை.
கூரை மின்விசிறிதான்
தாளின் ஓரத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுக்
கீழே விட்டது.