சுண்டுவிரல்

சைக்கிள் சுவருக்கு எதிரே என் வண்டி.
ஜாதிக்காய்ச் சாறு, ஐஸ் போட்டால் நாலு வெள்ளி.
"அங்கிள், ஒரு படம்" என்று
கைப்பேசியை நீட்டுகிறார்கள்.
ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
எடுத்துத் தருகிறேன்.
காலையிலிருந்து இது முப்பத்தொன்றாவது.

கொடிமலைக்கு எத்தனை மணிக்கு ரயில்,
மணிக்கூண்டு சாய்ந்தது குண்டு விழுந்தா,
ஜெட்டி வீடுகளில் இன்னும் ஆள் இருக்கிறார்களா?
எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு.
கொடிமலை ஏறியதில்லை.
அதைச் சொல்வதில்லை,
சொன்னால் சாறு புளிக்கும்.

நேற்றுக் கப்பலில் வந்த ஒருத்தி
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
ஓரத்தில் கறுப்பாய் என்னவோ என்றாள்.
என் சுண்டுவிரல்.
வேறு எடுக்கிறேன் என்பதற்குள்
கப்பல் ஊதிற்று,
ஓடிவிட்டாள்.

இந்நேரம்
அந்தமான் கடலில் எங்கோ
போய்க்கொண்டிருக்கும்
அரை விரல்.