முப்பத்தொராம் மணி

சார்னியா. இரவு வேலை.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிச்சிகனின் விளக்குகள்.
இந்தப் பக்கம் எண்ணெய் ஆலையின் தீநாக்கு
விழுகிற பனியைச் செம்மஞ்சளாக்குகிறது.
நடுவில் என் தாங்கி:
இரண்டாயிரம் லீட்டர், முப்பத்தேழு பாகை,
சோளத்தட்டையைக் கரைத்தெடுத்த சீனிநீர்.
மூடியைத் திறந்தால் அடிப்பிடித்த பாகு மணம்.
அதைத் தின்று அமிலம் விட
நாங்கள் எழுதிக்கொடுத்த நாலு மரபணுவைச் சுமந்தபடி
கோடானுகோடிப் பேர் உள்ளே.

எண்ணெய் தோண்டாமலே நைலோன் வரும் என்று
முதலீட்டாளர்களுக்குச் சொல்லியாயிற்று.
திரையில் போட்ட படத்தில்
பாக்டீரியாவுக்குக் கண்ணும் சிரிப்பும் இருந்தன
(வரைந்தது நானல்ல, வெண்டல்).

அமிலம் ஊற ஊற
காரம் ஊட்டும் பம்பு டிக், டிக் என்னும்.
அந்தச் சத்தத்தில்தான் நான் சாப்பிடுவேன்,
சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கியுமிருக்கிறேன்.
முப்பத்தொராம் மணியில் அது நின்றது.
முதலில் பம்பைத் தட்டிப் பார்த்தேன்.

பம்பில் பிழையில்லை.
சீனி குறைகிறது, கலங்கல் ஏறுகிறது,
தின்கிறார்கள், பெருகுகிறார்கள்,
வேலை மட்டும் இல்லை.

"எதையாவது கூட்டிப் பார்" என்றார் வெண்டல்
தூக்கக் குரலில்.
எதைக் கூட்ட?

ஒரு தனிச் செல் இந்தத் தாங்கியளவு ஆக
ஐம்பது தலைமுறைக்கு மேல் வேண்டும்.
இடையில் எங்கோ ஒருத்தி
நாங்கள் ஏற்றிய மூட்டையை இறக்கி வைத்திருக்கிறாள்.
கை வீசி நடந்தவள் முந்தினாள்.
அவ்வளவுதான் நடந்தது.
இரண்டு நாள் கழித்து அகார் தட்டில் கண்டேன்:
உழைத்தவை ஊசிமுனை,
கைவிட்டவை கொழுத்த வெண்பொட்டு.

அறிக்கையில் 'மரபு நிலையின்மை' என்று எழுதினேன்.
இரண்டாயிரம் லீட்டரையும் கொதிக்கவைத்துச் சாக்கடைக்கு அனுப்பினோம்.
கொழுத்ததில் ஒன்றை மட்டும்
கழித்தல் எண்பது பாகையில் உறையவைத்தேன்,
பெட்டியில் பெயர் எழுதாமல்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை, நல்லது.

அடுத்த வடிவம் தயார்.
அமிலம் செய்தால்தான் உயிர் ஓடும்,
நிறுத்தினால் அடுத்த வாய்ச் சீனி உள்ளே எரியாது;
அப்படிக் கட்டிவிட்டேன், வேறு வழி ஒன்றும் விடாமல்.
அழகான வடிவம். எனக்கே பிடித்துப்போனது.
வெண்டல் கைதட்டினார்.

ஆறு மணி.
நேர அட்டையை இயந்திரத்தில் செருகினேன்.
டிக் என்றது.
வெளியே கார்க் கண்ணாடியில்
விரல் மொத்தம் பனி.
சுரண்டி முடிய இன்னும் கொஞ்ச நேரமாகும்.