ஓரம் வெட்டும்போது

பேர் சராய் சந்தில் நாலாவது கடை.
ஆராய்ச்சி யாருடையதோ, அட்டை என்னுடையது:
கறுப்பு ரெக்சின், பொன்னெழுத்து, பிரதிக்கு முந்நூறு.
டிசம்பர் மூட்டம். பசை உறைந்துகொண்டிருந்தது.
ஐந்து பிரதியோடு வந்தாள் இமாஸ் குராய்சின்,
ஜாவாவின் மேற்கே சுந்தாக்காரி.
தலைப்பை எழுத்தெழுத்தாகக் கோத்தேன்:
சுந்தா நாட்டில் இஸ்லாமும் கல்வியும்.

கத்தியை இறக்கப் போகையில்
"ருக்கோ!" என்று கத்தினாள்,
எங்களுக்குப் பொதுவான ஓட்டை இந்தியில்.

விஷயம் ஓரத்தில் இருந்தது.
பழைய கிதாபு ஒன்றின் படம்.
நடுவில் அரபு வரி, பெரிதாக, நிமிர்ந்து.
ஒவ்வொரு சொல்லின் அடியிலும் அவள் மொழி,
அதே எழுத்தை இரவல் வாங்கி,
பொடிப்பொடியாய்ச் சாய்ந்து
வௌவால்போலத் தொங்கிக்கொண்டு.
ஆசிரியர் ஓத ஓத
பாயில் குப்புறக் கிடந்து எழுதியதாம்.
மேல்வரி எல்லா ஊருக்கும் ஒன்று,
கீழ்வரி பிள்ளைக்குப் பிள்ளை வேறு.

கீழக்கரைப் பக்கம் தமிழுக்கும் இப்படிச் செய்திருக்கிறார்கள்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.

அதற்கு முன்னால்? என்றேன்.
அதற்கு முன்னால் ஓலை. மலைமேல் தவசிகள்.
படிக்க நினைத்தவன் ஏறிப் போகவேண்டும்.
பிறகு படிப்பு இறங்கி வந்தது
வயலுக்கும் மீன்குளத்துக்கும் நடுவே,
சோறு பொங்கும் வாசனைக்குள்.
எல்லோருக்குமா?
சிரித்தாள். "பெண்பிள்ளைகளுக்கு ரொம்பத் தாமதம்.
மூன்றாம் இயல் முழுக்க அந்தத் தாமதம்தான்."

நாற்று நடும்போது பிஸ்மில்லா சொல்லிவிட்டு
நெல்லின் பழைய தேவியிடமும்
ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்களாம்.
கைடுக்குப் பிடிக்கவில்லை. அடிக்குறிப்புக்குத் தள்ளச் சொன்னார்.
தள்ளிவிட்டாள்.
அடிக்குறிப்பு இரண்டரைப் பக்கம்.

அட்டையை அரை அங்குலம் அகலமாக வெட்டினேன்.

போனில் பணம் அனுப்பும்போது என் பெயர் வந்தது:
கலந்தர் லேபே.
லெப்பைதான். ஆதாரில் எவனோ அப்படி அடித்துவிட்டான்.
திருத்த மூன்று முறை வரிசையில் நின்று விட்டுவிட்டேன்.
அவள் நிமிர்ந்தாள்.
"லேபேயா? நிக்காஹ் செய்துவைப்பீர்களா?
எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் மையத்துக்கும்
லேபேயைத்தானே கூப்பிடுவோம்."

புத்தகம் தைக்கிறவன், என்றேன்.
வேறென்ன சொல்ல?
எந்தத் தோணியில் ஏறிப் போனது அந்தச் சொல்,
யார் மடியில், எந்த மூட்டைக்கு அடியில்?
ஐந்து பிரதியிலும் அது இல்லை.

அலமாரியில் நுழையாது என்று
நூலகத்திலிருந்து இரண்டு திரும்பி வந்திருக்கின்றன.
ஓரம் வெட்டித் தரவேண்டுமாம்.
மேசைமேல்தான் கிடக்கின்றன.
இன்னும் வெட்டவில்லை.