இரண்டு மில்லிமீட்டர்

உட்லண்ட்ஸ். அடுக்குமாடி கார்நிறுத்துமிடம், நான்காம் தளம்.
பதினேழாம் தூணருகே விளக்கு
மூன்று வாரமாய் விட்டுவிட்டு எரிகிறது.
அதன் கீழ்தான் என் வண்டி.
இரவு ஷிப்ட் இல்லாத புதன்கிழமை.
பழைய நாளிதழை விரித்து முட்டி போட்டேன்.
பம்ப் மூடியின் முதல் திருகு வந்தது.
இரண்டாவது, யாரோ ஏற்கெனவே தலையைத் தேய்த்துவிட்ட திருகு,
வரமாட்டேன் என்றது.
ரப்பர் பேண்டை இடையில் வைத்து அழுத்தினேன்.
வந்தது.

உள்ளே
ஒரு வெள்ளி நாணயத்தைவிடச் சற்றே பெரிய சக்கரம்.
விளிம்பில் ஒரு குறி. எதிரே ஓர் ஊசி.
கைப்பிடியைத் தொய்வு நீங்கும்வரை திருப்பினால்
இரண்டும் நேருக்கு நேர் நிற்கவேண்டும்
என்கிறது கையேடு, மலாயில்,
ஜொகூரில் பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு வாங்கிய நகல்.
நிற்கவில்லை.
குறி இரண்டு மில்லிமீட்டர் பின்தங்கி,
கடன் வாங்கியவர் எதிரில் வரும்போது
வேறெங்கோ பார்ப்பதுபோல.

ஹிஷாமுக்குப் படம் அனுப்பினேன்,
ஒன்பது மாதம் முன்பு வண்டியை விற்றவன்.
நீலக்குறி விழுந்தது.
எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான்.
"பரிசோதனைக்காகத் தளர்த்தினேன்.
புகை அதிகம் என்று ஒருதடவை திருப்பி அனுப்பிட்டாங்க.
ஒரு வாரத்துக்குத்தான்னு நெனச்சேன்.
மறந்தே போச்சு, தமயந்தி. ஸாரி லா."

ஒன்பது மாதம்.
துவாஸுக்குப் போக, வர.
கிராஞ்சி விரைவுச்சாலையில் கொள்கலன் லாரிகளுக்கு நடுவே
எண்பதில், சிலநாள் தொண்ணூறில்.
என் டூ-ஸ்ட்ரோக் புகையே விடாது தெரியுமா என்று
கேன்டீனில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!
புது வண்டிக்காரி சண்முகவடிவுகூட
குனிந்து பார்த்து, சுத்தம் என்றாள்.
சுத்தம்தான்.
உலை வைக்காத வீட்டில் கரி ஏது?
அடுப்பில் பூனை தூங்கியிருக்கிறது.
நான் பூனையைத் தடவிக்கொடுத்திருக்கிறேன்.

கைப்பிடியிலிருந்து ஒரே கேபிளாய் இறங்கி
டேங்கின் அடியில் இரண்டாய்ப் பிரிகிறது.
ஒன்று கார்புரேட்டருக்கு, ஒன்று பம்புக்கு.
வேகமும் எண்ணெயும் ஒரே மணிக்கட்டின் பேச்சைக்
கேட்டாக வேண்டும்.
முதலாவது தப்புச் செய்தால்
அடுத்த சிக்னலிலேயே தெரிந்துவிடும்.
மற்றது தப்புச் செய்தால்
ஒன்றுமே தெரியாது,
தெரியும் நாள்வரை.

பத்தாம் நம்பர் ஸ்பேனர். பூட்டு நட்டைத் தளர்த்தினேன்.
அரைச் சுற்று. குறி நகர்ந்தது.
இன்னும் அரை. தாண்டிவிட்டது.
கால் சுற்று பின்னால்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்,
போட்டுக்கொண்டு பார்த்தேன்.
நட்டை இறுக்கும்போது கேபிளும் ஒரு மயிரிழை கூடவே திரும்பும்.
ஆகவே மயிரிழை முன்னதாகவே நிறுத்தினேன்.
பிறகு காற்றுத் திருகைத் திறந்து
குமிழி குமிழியாய் வந்த எண்ணெய்
குமிழி விட்டு வரும்வரை காத்திருந்தேன்.
நாளிதழில் யாரோ விற்கும் நான்கறை வீட்டின் விலை
நனைந்து, ஊறி,
மறுபக்கத்து மரண அறிவிப்பு தெரிந்தது.

உதைத்தேன். இரண்டாம் உதையில் பிடித்தது.
முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் மெலிதாய், நீலமாய்,
அந்த விளக்கு எரியும்போது மட்டும் தெரிகிற மாதிரி,
கைப்பிடிச் சுவரைத் தாண்டி எதிர் புளோக்குக்குப் போனது.
சாப்பிடுகிறது.
ஏழாம் மாடியில் யாரோ சன்னலைச் சாத்தினார்கள்,
சாத்தியது கேட்கட்டும் என்று.
மன்னிப்புக் கேட்டுக் கையைத் தூக்கினேன்.
இருட்டில் தெரிந்திருக்காது.

ஹிஷாமின் அடுத்த செய்தி:
"பிஸ்டன் ஓகேதானே?"
சிலிண்டரைக் கழற்றினால்தான் தெரியும்.
கழற்ற இன்றைக்குத் தைரியமில்லை.

பரிசோதனை மார்ச்சில்.
மூடியைப் போட்டு, தலை தேய்ந்த அந்தத் திருகை
ரொம்ப இறுக்காமல் விட்டு,
பத்தாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் பெட்டியில் போடாமல்
இருக்கைக்கு அடியிலேயே வைத்தேன்.